சம்மனைக் கல்லாவில் போட்டு மூடாதீர்கள்!

வணிகச் சகோதரர்களே! சமுதாய இளைஞர்களே!

அமீனா கடைக்கு வந்து சம்மனைக் கொடுக்கிறார். கையெழுத்துப் போட்டு வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டு மூடுகிறீர்கள். "நியாயம் நம் பக்கம் இருக்கிறது, கேஸ் என்ன ஆகிவிடும்?" என்று வியாபாரத்தைப் பார்க்கிறீர்கள். பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருக்கிறீர்கள். பேச்சு நடக்கும்போதே வாய்தா நாள் போய்விடுகிறது. ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிறது. கடையைக் காலி செய்யச் சொல்லி அதே அமீனா மறுபடி வரும்போதுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறீர்கள்! நியாயம் உங்கள் பக்கம் இருந்து என்ன பயன்?

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யச் சொல்கிறது. நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை அவகாசம் தரலாம். வணிக வழக்கு என்றால் 120-ஆவது நாளோடு கதவு மூடிவிடும். எதிருரையிலும் "பிராதில் கண்டவை அனைத்தும் பொய்" என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. குறிப்பாக மறுக்காத சங்கதியை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முந்திய கேள்வி: இந்தப் பிராது நிற்குமா? வழக்கு மூலமே இல்லையா? கோர்ட் கட்டணக் குறைவைச் சரிசெய்ய உத்தரவிட்டும் கட்டவில்லையா? காலவரையறை கடந்துவிட்டது என்று பிராதைப் படித்தாலே தெரிகிறதா? கட்டளை 7 விதி 11-ன் கீழ், சாட்சி விசாரணைக்குப் போகாமலே அதை நிராகரிக்கலாம். கெட்டிக்கார வார்த்தைகளால் ஜோடித்த பிராதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று 1977-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் சொல்லிவிட்டார்.

வியாபாரிகளே! 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்கில், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவர் முதலில் சமரசத்திற்குப் போயாக வேண்டும். போகாமல் 2022 ஆகஸ்ட் 20-க்குப் பிறகு போட்ட பிராது நிராகரிக்கப்பட வேண்டியது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"இந்த ஊர்க் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை" என்பதை எழுவினாக்கள் வனைவதற்கு முன்பே சொல்லுங்கள். கீழ்க்கோர்ட்டில் வாய்மூடி இருந்துவிட்டு அப்பீலில் கூச்சலிட்டால் யார் கேட்பார்கள்?

"இதெல்லாம் வக்கீல் தந்திரம், உண்மைக்கு எதற்கு நுணுக்கம்?" என்கிறார்கள் சிலர். தவறு! பொய் வழக்கில் பத்து வருடம் வாய்தாவுக்கு அலைவதுதான் உண்மையின் பெருமையா? ஆனால் எதிராளியை இழுத்தடிக்கவே ஆட்சேபனை போடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களும் கேட்கட்டும்! நிராகரிப்பு மனுவில் நீதிமன்றம் பார்ப்பது பிராதையும் அதனுடன் வைத்த ஆவணங்களையும்தான். உங்கள் கணக்குப் புத்தகத்தை அல்ல. எதிருரைக்குத் தவறவிட்ட கெடுவை மீட்கும் சாக்காக அந்த மனு ஆகக்கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. பிராது நிராகரிக்கப்பட்டாலும் குறையைத் திருத்தி, காலவரையறைக்குள் எதிராளி புது வழக்குப் போடவும் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே சம்மன் வந்த அன்றே தேதியைக் குறியுங்கள். பிராதின் நகலையும் ஆவணங்களையும் வாங்குங்கள். காலவரையறை, அதிகாரவரம்பு, கட்டணம், சமரசம் இந்த நான்கையும் வக்கீலிடம் கேளுங்கள். சமரசப் பேச்சு நடக்கட்டும், வாய்தாவும் தவறாமல் நடக்கட்டும்! படித்த இளைஞர்களே, உங்கள் தெருவில் சம்மன் வாங்கிய பெரியவரை வக்கீலிடம் அழைத்துப் போவது உங்கள் கடமை. நாளை அல்ல, இன்றே!