ஆண்டுக்குப் பதினான்கு நாள்

தமிழக அரசின் அன்புச்சோலை மையங்கள் 2025 நவம்பரில் தொடங்கப்பட்டன. அவை அமையும் மாநகரங்களில் மதுரையும் ஒன்று. பகலில் வந்து பேசிச் சிரித்து மாலையில் வீடு திரும்பும் முதியோருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் பக்கவாதத்தில் படுத்துவிட்டவருக்கு அந்த வாசல் எட்டாத தூரம். அவரோடு சேர்ந்து வீட்டுக்குள் கட்டுண்டு கிடப்பவர் இன்னொருவர் உண்டு. பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். மேலூர்ப் பக்கக் கிராமம் என்றால் அவருக்கு அரசின் ஊரக வேலைத் திட்ட வேலையும் போகிறது. சித்திரையில் ஊரே வைகைக்குத் திரளும் காலையிலும், படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இவருக்கு ஆண்டில் பதினான்கு நாளாவது மாற்று ஆளோ, நோயாளிக்குத் தற்காலிகப் படுக்கையோ தருவது அரசின் கடமை என்கிறோம்.

இது புதுமையான கோரிக்கை அல்ல. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் 'சமர்த்' என்ற தற்காலிகத் தங்கல் திட்டம் ஏற்கெனவே உண்டு. ஆனால் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். முதுமையில் மறதி நோய் வந்தவரின் குடும்பத்துக்கு அதில் இடமில்லை. கேரளம் பராமரிப்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. பணம் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் இரவில் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்க வேறொரு கை வேண்டும்.

பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகள் கடன், அதற்கு அரசு எதற்கு என்பார்கள். அந்தக் கடனை அரசே சட்டமாக்கிவிட்டது: 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதியோரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. தவறினால் தண்டிக்கத் தெரிந்த அரசு, தவறாமல் செய்பவருக்கு என்ன தருகிறது? மனஅழுத்தத்தோடு வாழ்க்கைத் துணையைப் பராமரித்த முதியோர் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் கூடுதல் என்று 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. பராமரிப்பவரும் விழுந்தால், மருத்துவமனையில் இரண்டு கட்டில்களுக்குச் செலவழிக்கப்போவதும் இதே அரசுதான்.

நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பாமல் போய்விடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் யார் வேண்டுமானாலும் வந்து சேரும் விடுதியாக இது இருக்கக் கூடாது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் கொண்டுசெல்கிறது. எந்தத் தெருவில் யார் படுத்திருக்கிறார், யார் பார்த்துக்கொள்கிறார் என்பது அந்தப் பணியாளர்களுக்குத் தெரியும். அவர்கள் பரிந்துரைப்போருக்கு மட்டும், நாள் குறித்து, உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் அரசு மருத்துவமனைகளில் நாலைந்து கட்டில் ஒதுக்கலாம். இடம் மாறினால் மிரளும் மறதி நோயாளிகளுக்கு, பயிற்சி பெற்ற ஆள் வீட்டுக்கே வரட்டும். அந்த ஆளுக்குத் தனிப் பணியிடமும் தனிச் சம்பளமும் வேண்டும். ஏற்கெனவே வீடு வீடாக நடந்து களைக்கும் பெண்களின் தலையில் இதையும் ஏற்றிவிட்டுப் புதுத் திட்டம் என்று பெயர் சூட்டக் கூடாது.