கூட்டத்துக்கு வந்தார்கள், குறை கேட்க யார் வருவார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து மண்டபத்தில் குற்றத் தடுப்பு விளக்கக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அதிகாரிகள் வந்தார்கள். துணிப் பதாகை கட்டினார்கள். நாற்பது நிமிடம் மலாயில் பேசினார்கள். போதைப் பொருள் கூடாது, குண்டர் கும்பலில் சேரக் கூடாது, பிறர் பொருளைத் தொடக் கூடாது என்றார்கள். எல்லாம் நல்ல வார்த்தைகளே. பிறகு நாசி லெமாக் பொட்டலமும் தேநீரும் கொடுத்து, எல்லோரையும் நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

வந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் ஓய்வு நாளை விட்டுவிட்டு வந்தவர்கள்தாம். மொழிபெயர்க்கும்படி என்னைத்தான் கேட்டுக்கொண்டார்கள். முற்பாதியை மொழிபெயர்த்தேன். பேச்சு வேகம் பிடித்ததும் நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

கூட்டம் கலைந்த பிறகு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். "கிராணித் தம்பி, போலீஸ் பிடிச்சிக்கிட்டுப் போனா எந்த ஸ்டேசன்னு யாருகிட்ட கேக்கணும்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை!

அவர் ஏன் கேட்டார் என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பேரனுக்கு வயது பதினேழு. திருட்டு மோட்டார் சைக்கிளை ஓட்டிய நண்பனுக்குப் பின்னால் உட்கார்ந்து போனவன். இருவரையும் விடியற்காலையில் வழியில் பிடித்தார்கள். பையன் எந்த நிலையத்தில் இருக்கிறான் என்று பாட்டிக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. ஸ்டேசன் ஸ்டேசனாகப் பஸ் ஏறி இறங்கினார். பெரட்டுக்குப் போகாத இரண்டு நாளுக்கும் சம்பளம் இல்லை. அவர் அலைந்து கண்டுபிடிப்பதற்குள் பையனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தித் தடுப்புக் காவலும் வாங்கியாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவனைக் கைது செய்தால் போலீசார் உடனே பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தெரிவிக்க வேண்டும்; நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். வயது வந்தவனுக்கும் உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு 2007 முதல் நடப்பில் உள்ளது. விசாரிக்கத் தொடங்குமுன், தான் இருக்கும் இடத்தை உறவினருக்குச் சொல்லவும் வக்கீலோடு பேசவும் கைதானவனை விட வேண்டும் என்பது அதன் சாரம். உடந்தையாளர் தப்பிவிடுவார் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. இருபத்து நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்கும் வேளையில் கைதானவனுக்காகப் பேச 2012 முதல் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள் இருக்கிறார்கள். அதற்குக் கட்டணமும் இல்லை. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் இருப்பது லயத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதே நம் கேள்வி.

"குற்றத் தடுப்பு" என்ற சொல்லைக் கேட்டால் நம் மக்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதை அந்த அதிகாரிகள் அறிய வேண்டும். 1959இல் குற்றத் தடுப்புச் சட்டம் என்றே ஒன்று வந்தது. 1969இல் பிறப்பித்த அவசரகாலச் சட்டத்தை 2011இல் நீக்கினார்கள். 2013இல் பழைய 1959 சட்டத்தைத் திருத்தி, வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரை இரண்டு ஆண்டு வரை அடைத்து வைக்க வழி செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்த எண்களை நம் லயத்துச் சுவர்களில் பார்க்காதவர் உண்டா? கும்பல் பொய்யல்ல. சாவு வீட்டுக்குப் பணமும் வேலையில்லாதவனுக்குக் கைச்செலவும் கொடுத்துத்தான் அது நம் பிள்ளைகளைப் பிடிக்கிறது. ஆனால் குற்றத் தடுப்பு என்றால் அடைத்து வைப்பதுதான் என்று ஒரு தலைமுறையே பாடம் படித்துவிட்டது. அந்தப் பெயரோடு மண்டபத்துக்கு வருகிறவர்களிடம் யார் வாய் திறப்பார்?

குற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று தோட்டத் தொழிலாளிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்து வேலை நிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக் கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. கேட்டதற்குக் கிடைத்தது பட்டாளமும் துப்பாக்கியும். யுத்தத்துக்குப் பிறகு கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை குடியை ஒழிக்கக் கள்ளுக் கடை முன் மறியல் செய்தது. 1947இல் அதையும் போலீசைக் கொண்டே அடக்கினார்கள். டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. குடியைத் தடுக்கப் போனவன் குற்றவாளி, கள்ளு விற்றவன் சட்டப்படி நடப்பவன்! அந்தக் காலத்துக் கணக்கு அப்படி இருந்தது.

வெளிநாட்டில் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், 1990இல், மாவட்ட அரசாங்க வழக்கறிஞர் மைக்கேல் ஷ்ரங்க் தம் கீழிருந்த வழக்கறிஞர் ஒருவரைக் கோர்ட்டிலிருந்து வெளியே அனுப்பி, லாயிட் வட்டாரத்திலேயே அலுவலகம் போட்டு உட்கார வைத்தார். வந்தவர் முதலில் செய்த வேலை, அங்குள்ளவர்களிடம் "உங்களுக்கு எது தொல்லை?" என்று கேட்டதுதான். கொலை கொள்ளையைப் பற்றிச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவருக்கு வேறு பதில் கிடைத்தது. பள்ளத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள், தெருவில் குடிக்கிறார்கள், காரை உடைத்துத் திருடுகிறார்கள் என்றார்கள். சின்னத் தொல்லைகள், ஆனால் அன்றாடத் தொல்லைகள். வழக்கு போடுவதோடு நில்லாமல், போலீசையும் குடியிருப்பவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து அவற்றுக்கு வழி தேடினார். பிறகு அமெரிக்காவின் பல நகரங்களில் இந்த முறை பரவிற்று.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சங்கக்காரன் கணக்குப் பார்க்காமல் விடுவானா? அந்த முதல் வழக்கறிஞருக்கான செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் அவ்வட்டாரத்து வியாபாரிகள். கூடாரத்தில் கிடந்த ஏழை பணம் கொடுக்கவில்லை. அவனே தொல்லைப் பட்டியலில் முதலில் வந்துவிட்டான். பணம் கொடுத்தவன் சொல்லே அம்பலம் ஏறும். நாளைக்கு நம் வட்டாரத்தில் இந்த முறை வந்து, தோட்ட நிர்வாகம் செலவை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? ஒட்டுப்பால் திருட்டும், காய் திருட்டும், காலி லயத்தில் குடியிருப்பவரை அகற்றுவதும் பட்டியலின் தலையில் நிற்கும். பாட்டியின் கேள்வி அடியில் கிடக்கும். ஆகையால் வருகிறவர் அரசாங்கச் சம்பளத்தில் வர வேண்டும். நிர்வாகத்தின் விருந்தாளியாக வரக் கூடாது.

அரசாங்க வழக்கறிஞரை நான் விசேஷமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. போலீஸ் பிடிக்கும், நீதிபதி தீர்ப்பளிப்பார். இடையில், வழக்கைத் தொடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 145ஆம் பிரிவு வழக்குத் தொடுநரிடம் அல்லவா வைத்தது? பின்னால் உட்கார்ந்து போனவனையும் பூட்டை உடைத்தவனையும் ஒரே தராசில் நிறுக்காமல் இருக்க அவரால் முடியும். சிறுவனைக் கண்டித்து விடவும், நன்னடத்தைப் பிணையில் அனுப்பவும் நீதிமன்றத்துக்குக் குழந்தைகள் சட்டம் இடம் கொடுக்கிறது. பெரியவர்களுக்கும் 1954ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது: மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைக்குப் பதிலாக, தினமும் நான்கு மணி நேரம் வரை கட்டாய வேலை செய்யச் சொல்லலாம். மரத்தையும் இழக்காமல், வீட்டையும் இழக்காமல் தண்டனையை முடிக்க இப்படி ஒரு வழி இருப்பதை எந்தக் கூட்டத்தில் நமக்குச் சொன்னார்கள்?

எனவே பதாகை வேண்டாம். சம்பள நாள் மாலையில் அதிகாரி ஒருவர் வரட்டும். தமிழ் தெரிந்தவர், அல்லது தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். மேடை ஏறாமல் நாற்காலி போட்டு உட்காரட்டும். அவர் பத்து நிமிடம் பேசினால் போதும், மீதி நேரம் கேட்கட்டும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். "போலீஸ் கேசு, நமக்கு எதற்கு?" என்று கதவைச் சாத்துகிறவர்கள் நாம்தான். அந்தப் பையன் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். பிடிபடுவதற்குச் சில மாதம் முன்பு தொழிற்பயிற்சிக்கு மனு போட, அப்பாவின் சம்பளச் சான்று கேட்டு ஆபீசுக்கு வந்தான். மாதக் கடைசி, செக்ரோல் முடிக்கும் அவசரம். "அடுத்த வாரம் வாடா" என்றேன். அவன் வரவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒரு தாளும் ஒரு முத்திரையும்; ஐந்து நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் அவன் அந்த மோட்டார் சைக்கிளில் ஏறியிருக்க மாட்டான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் குற்றத் தடுப்பைப் பற்றி மொழிபெயர்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உறுத்தியது.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு இரண்டு தீர்மானங்கள் அனுப்பியிருக்கிறேன். ஒன்று, சட்ட உதவி அறவாரியத்தின் தொலைபேசி எண்ணைப் பெரட்டுக் களத்து அறிவிப்புப் பலகையிலும் ஒவ்வொரு லயத்துக் கோடியிலும் தமிழில் ஒட்டுவது. மற்றொன்று, எந்தப் பிள்ளை பிடிபட்டாலும் கிளையிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு கோலசிலாங்கூர் கோர்ட்டு வரை போவது, அவருடைய அன்றைய கூலியைக் கிளை நிதியிலிருந்து கொடுப்பது. நிதி போதாது என்று பொருளாளர் ஆட்சேபிப்பார். அவருக்கு என் பதில் தயாராக இருக்கிறது. பாட்டியையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தில் கேட்க முடியாமல் போன கேள்வியை அவரே எழுந்து கேட்கட்டும்.