தட்டு சின்னது, பில் பெரிசு: சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்ல என்ன கூச்சம்?



போன மாசம் என் சித்தி பொண்ணு ஒரு ட்ரீட் கொடுத்தாள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசர். ப்ரொபேஷன் முடிந்து வேலை கன்ஃபர்ம் ஆன சந்தோஷம். கைக்கு வரும் சம்பளம் 24,000 ரூபாய். அவள், அவளோட ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர், நான், என் மனைவி என்று அஞ்சு பேர் போனோம். அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஃப்யூஷன் தபாஸ் பார். பெயர் வேண்டாம். நான் சொல்ல வருவது அந்த ஒரு கடையைப் பற்றி இல்லை.

தபாஸ் என்றால் ஸ்பெயினில் குடிக்கிற கிளாஸோடு வரும் சின்னத் தட்டு. கிரனாடா போன்ற ஊர்களில் ஒரு டிரிங்க் வாங்கினால் அந்தத் தட்டு இன்னைக்கும் இலவசமாகவே வரும். நம்ம ஊருக்கு வந்து சேர்வதற்குள் இலவசம் வழியிலேயே இறங்கிவிட்டது. 'பார்' போர்டில் மட்டும்தான், உள்ளே மோக்டெயில். ஒரு தட்டு 280 ரூபாய்.

சாப்பாடு நல்லா இருந்தது, அதையும் சொல்லிடறேன். பள்ளிபாளையம் சிக்கனை டாக்கோவில் வைத்துக் கொடுத்தார்கள், பிரமாதம். அரிசிம்பருப்பை உருண்டை பிடித்துப் பொரித்து அரஞ்சினி என்றார்கள், அதுவும் பரவாயில்லை. சர்வீஸ்தான் ஒரு நிலையில் இல்லை. முதல் மூணு தட்டு அஞ்சே நிமிஷத்தில் வந்தது. அடுத்த தட்டுக்கு முக்கால் மணி நேரம். தண்ணி மூணு தடவை கேட்டோம். எட்டு டேபிளுக்கு ஒரே ஒரு தம்பி ஓடிக்கொண்டிருந்தான். ஒரு தட்டு கடைசி வரை வரவே இல்லை.

பில் வந்தது. 11 தட்டு 3,080. அஞ்சு மோக்டெயில் 900. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 398. இது எல்லாத்துக்கும் மேலே ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 4,597 ரூபாய்.

அவள் கார்டை எடுத்து நீட்டிவிட்டாள். பில்லைப் பார்க்கவே இல்லை. நான் பில்லை வாங்கினதும், "விடுங்கண்ணா, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி வேண்டாம்" என்றாள்.

இந்தப் பொண்ணு பகல் முழுக்க என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? காஸ்டிங் ஷீட்டில் ஒரு பீஸுக்குப் பட்டன், லேபிள், பாலிபேக் வரை பைசாக் கணக்கில் போடுகிறாள். 5,000 பீஸுக்கு இன்வாய்ஸ் போட்டு 4,900 அனுப்பினால் எந்த பையராவது முழுப் பணம் கொடுப்பானா? ஷார்ட் ஷிப்மென்ட் என்று அந்த 100 பீஸுக்கு டெபிட் நோட் வரும். அதை யாரும் அசிங்கமாக நினைப்பதில்லை, வியாபாரம் என்கிறோம். அதே ஆள் 11 தட்டுக்கு பில் போட்டு 10 தட்டு கொடுத்த கடையில் "விடுங்கண்ணா" என்கிறாள்.

அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சிஏ படிக்கும்போது நானும் இப்படிப் பல பில்லைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவன்தான். 'கணக்கு பார்க்கிறவன்' என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயம்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? சர்வீஸ் சார்ஜ் ஒரு வரி இல்லை. அரசாங்கத்துக்கு அதில் போவது அதன் மேல் போடும் ஜிஎஸ்டி மட்டும்தான், மீதி கடைக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. பில்லில் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, அதைச் சேர்த்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மார்ச் 28-ம் தேதி நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லி, வழக்குப் போட்ட ரெண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டுக்கும் போயிருக்கிறார்கள்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. "மெனு கார்டிலேயே போட்டிருக்கோம், இந்தப் பணம் கிச்சனில் பாத்திரம் கழுவுறவர் வரைக்கும் பிரிச்சுக் கொடுக்கிறோம்" என்கிறார்கள். நிஜமாகப் பிரித்துக் கொடுக்கிற கடையும் இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க உங்களுக்கு வழியே இல்லை. ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியின் செலவு. அது தட்டு விலைக்குள்ளேயே இருக்கணும். 280 போதாதென்றால் 308 என்று மெனுவில் போடட்டும், பார்த்துவிட்டு வேணுமா வேண்டாமா என்று நாம் முடிவு செய்வோம். சர்வீஸ் நல்லா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 10 சதவீதம் என்றால், அது எப்படி சர்வீஸுக்கான பணம் ஆகும்?

நான் மேனேஜரைக் கூப்பிட்டு ரெண்டே விஷயம் சொன்னேன். "ஒரு தட்டு வரலைங்க, அதை எடுத்துடுங்க. சர்வீஸ் சார்ஜும் வேண்டாங்க." சண்டை இல்லை, சத்தம் இல்லை. "சிஸ்டத்துல ஆட்டோமேட்டிக்கா வருது சார்" என்றார். "பரவாயில்லைங்க, எடுத்துடுங்க" என்றேன். நாலு நிமிஷத்தில் புது பில் வந்தது. 3,885 ரூபாய். வித்தியாசம் 712. அவளுக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் சம்பளம்.

அந்த எட்டு டேபிள் தம்பி கையில் என் பாக்கெட்டிலிருந்து 200 ரூபாய் கொடுத்தேன். சர்வீஸ் சொதப்பியது அவன் தப்பு இல்லை, இன்னும் ஒரு ஆள் போடாதவர் தப்பு. சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்பது டிப்ஸ் வேண்டாம் என்பதாகாது. கொடுப்பது உங்க விருப்பம், உழைத்தவன் கையில் நேராகக் கொடுங்க.

அடுத்த தடவை வெளியே சாப்பிடப் போனால் இதைச் செய்யுங்க:

1. சின்னத் தட்டுக் கடையில் முதலில் ஆளுக்கு ஒண்ணு மட்டும் ஆர்டர் பண்ணுங்க. வந்த பிறகு அடுத்தது. எத்தனை வந்தது என்று போனில் குறித்து வைங்க.

2. பில்லில் ஜிஎஸ்டி நம்பர் இருக்கா பாருங்க. சாதாரண ரெஸ்டாரன்ட்டில் 5 சதவீதம்தான். காம்போசிஷன் ஸ்கீமில் இருக்கும் கடை உங்களிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கவே கூடாது. ஜிஎஸ்டி வெப்சைட்டில் அந்த நம்பரைப் போட்டால் எந்த ஸ்கீம் என்று தெரிந்துவிடும்.

3. சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லுங்க. மறுத்தால் பில்லை போட்டோ எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுங்க.

இந்த 712-ஐ எஸ்ஐபியில் போட்டால் முப்பது வருஷத்தில் எத்தனை லட்சம் ஆகும் என்று கணக்குக் காட்டப் போகிறேன் என்று நினைத்தீங்களா? மாட்டேன். மாசம் ஒரு தடவை நல்லா சாப்பிடுங்க, அதற்குத்தானே சம்பாதிக்கிறோம்.

என் கவலை வேற. பர்சனல் லோனோடு ஒட்டி வரும் இன்சூரன்ஸ், பே ஸ்லிப்பில் பிடித்தும் கணக்கில் ஏறாத பிஎஃப், ஃபார்ம் 16-ல் விட்டுப்போன டிடிஎஸ். என்கிட்ட இந்தப் பிரச்சினைகளோடு வரும் இளைஞர்களில் நிறைய பேர் முதலில் சொல்வது ஒரே வார்த்தைதான்: "கேட்கக் கூச்சமா இருந்துச்சு சார்." அந்தக் கூச்சத்தை உடைத்துப் பழக ரெஸ்டாரன்ட் டேபிளைவிட ஆபத்தில்லாத இடம் கிடையாது. அங்கே கேட்டுப் பழகினால் பேங்கிலும் ஹெச்ஆர் ரூமிலும் வாய் தானாக வரும்.

அப்புறம், வீட்டுக்குப் போகும் வழியில் தள்ளுவண்டியில் அஞ்சு பேரும் காளான் சாப்பிட்டோம். பசி அப்போதான் அடங்கியது. காசு கொடுக்கும் முன்னாடி எங்க மெர்ச்சண்டைசர் அம்மணி தட்டை எண்ணிப் பார்த்தாள்!

நீங்க கடைசியா எப்போ பில்லை முழுசாப் படிச்சீங்க? கமெண்ட்டில் சொல்லுங்க.