மேற்கு வாசல்

திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் கிழக்கு வாசலால் நுழைகிறவர்கள் அதே வழியாகத் திரும்புவதில்லை. வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரமஹத்தி அங்கேயே காத்து நிற்கிறதாம். மகாலிங்க சுவாமியைத் தரிசித்த அரசன் மேற்கு வாசலால் வெளியேறித் தப்பினான் என்பது ஐதீகம். அரசனுக்குச் சரி. மருந்து செய்கிறவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டா என்பதுதான் என் கேள்வி.

அந்த ஊரில் எனக்கு ஒரு சித்தி இருந்தாள். கடைசி நாலு வருஷம் பெற்ற பிள்ளையையே, "நீங்க யாரு? எந்த ஊரு?" என்று விசாரித்தாள். மறதியைவிட அந்த மரியாதைதான் அவனை வதைத்தது. ஒருநாள் பத்திரிகைத் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினான். அல்ஸைமர் நோய்க்குப் புது மருந்து. நோயாளிகளின் மூளை அலை சீரடைந்ததாம். "நமக்கும் கிடைக்குமா, அண்ணா?" என்றான்.

விஷயம் இதுதான். ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே மாறுபட்ட ஒலி ஒன்று கேட்டால், ஏறக்குறைய 300 மில்லி வினாடியில் மூளையில் ஓர் அலை எழும். மறதி நோயில் அது தாமதமாகும். அமெரிக்காவின் அதிரா நிறுவனம் ஃபாஸ்கோனிமெட்டான் என்ற ஊசி மருந்தைப் பதினோரு நோயாளிகளிடம் சோதித்தது. மருந்து பெற்றவர்கள் ஏழே பேர். மற்ற நால்வருக்கு வெற்று ஊசி. சில நாட்களிலேயே அலை விரைந்து எழுந்ததாகச் சொன்னார்கள். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு 77 பேரிடம் 26 வாரம் சோதித்தார்கள். 2022 ஜூனில் முடிவு வந்தது: அந்த அலையிலேயே மருந்துக்கும் வெற்று ஊசிக்கும் நிரூபிக்கத்தக்க வித்தியாசம் இல்லை. உடனே மேற்கு வாசல் திறந்தது. வேறு ஞாபக மருந்து சாப்பிடாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பலன் தெரிகிறதாம்! அப்படிப்பட்டவர்களை வைத்தே 300 பேருக்கு மேல் சோதித்தார்கள். 2024 செப்டம்பரில் அதுவும் தோற்றது. பிரமஹத்தி இந்த வாசலிலும் வந்து நின்றுவிட்டது.

சோதனை தோற்றது குற்றமில்லை. தோற்காமல் விஞ்ஞானம் வளராது. ஏழு பேரின் அலையை வைத்து நம்பிக்கையை விலை பேசியதைத்தான் குற்றம் என்கிறேன். தூக்கக் கலக்கம், காது மந்தம், பழைய மாத்திரை எதுவும் அந்த அலையை அசைக்கும். பதினோரு பேரில் இருவருக்கு அன்றைக்குத் தூக்கம் சரியில்லை என்றாலே கணக்கு புரண்டுவிடும்.

"அப்படியானால் மூளை அலையை அளக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக அளக்கலாம். 1924-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தது பெரிய காரியம். செலவு குறைவு, வலி இல்லை. மருந்து மூளையை எட்டியதா என்று அறிய அது உதவும். ஆனால் கல்லணையில் மதகு திறந்ததைப் பார்த்துவிட்டு, கடைமடையில் நெல் விளைந்ததாக எந்தக் குடியானவனாவது கணக்கு எழுதுவானா? நடுவே எத்தனை வாய்க்கால், எத்தனை உடைப்பு!

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் இப்படி ஒரு துண்டைக் கத்தரித்து வைத்திருக்கக்கூடும். அவர்களுக்காக நான் கேட்பது ஒன்றே. எதை வைத்து வெற்றி தோல்வி பார்ப்பீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள்; முடிவு வந்தபின் வாசலை மாற்றாதீர்கள். அலை சீரானது என்று அறிவிக்கும்போதே, தாய் பிள்ளையை அடையாளம் கண்டாளா என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.

சித்தி போய்விட்டாள். அந்தத் துண்டை அவன் இன்னும் கிழித்துப் போடவில்லை.