மூக்கில் விடும் சாறும் முகமூடி ஆக்சிஜனும்

தலைவலி என்று சொன்னால் நம்மூரில் யாரும் பதறுவதில்லை. 'தைலத்தைத் தேய்ச்சிட்டுப் படு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காரைக்கால் மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினத்தில் அமிர்தாஞ்சனமோ, சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த கோடாலித் தைலமோ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால், நடு இரவில் ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால் தோண்டுவதுபோலக் கிளம்பி, படுக்கவும் விடாமல் உட்காரவும் விடாமல் ஆளை வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கவைக்கும் வலி ஒன்று உண்டு. சுவரில் தலையை முட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர்கள் இதைக் கொத்துத் தலைவலி என்கிறார்கள்.

ஒற்றைத் தலைவலிக்காரர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுத்துக்கொள்வார். கொத்துத் தலைவலிக்காரரால் அசையாமல் இருக்கவே முடியாது. வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் கொட்டும், மூக்கு அடைக்கும், இமை சரியும். கால் மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம்வரை நீடிக்கும். சிலருக்கு ஒரே நாளில் எட்டு முறைகூட வரும். பல வாரங்கள் இப்படி ஆட்டிவைத்துவிட்டு, ஒருநாள் தானாக ஒதுங்கி, மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காது. பலருக்கு வலி தினமும் ஒரே நேரத்துக்கு வருவதும் வெறும் பிரமையன்று. உடலின் கடிகாரமாக வேலை செய்யும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி வலியின்போது கிளர்ந்திருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் 1998-இல் ஸ்கேன் படத்தில் கண்டார்கள்.

வெளிநாட்டு ஆய்வுகள் ஆயிரத்தில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு என்கின்றன, அதிலும் ஆண்கள்தான் அதிகம். அந்தக் கணக்கு இங்கும் பொருந்துமானால், 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த காரைக்கால் மாவட்டத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியும்? மூக்கடைப்பதால் சைனஸ் என்று மாதக்கணக்கில் மருந்து, கண் வலிப்பதால் புதுக் கண்ணாடி, வலி தாடைக்கு இறங்குவதால் நல்ல பல்லைப் பிடுங்குவது எனத் திரிந்துவிட்டுத்தான் உலகெங்கும் நோயாளிகள் நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். சரியான பெயர் கிடைக்கப் பல வருடங்கள் ஆவது சாதாரணம்.

அதுவரை மனிதர் சும்மா இருப்பாரா? நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடிப்பார். சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவார். நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்து நெற்றியில் பூசுவார். தும்பைச் சாற்றை மூக்கில் விடச் சொல்லும் பெரியவர் எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றும் பக்கத்தில் இருப்பதால், எந்த மதத்துக்காரரானாலும் மூன்று இடத்துக்கும் போய்வருவார். இதையெல்லாம் மூடத்தனம் என்று எள்ளி நகையாடுவது சுலபம், நியாயமல்ல. மாத்திரை அவரை ஏற்கெனவே கைவிட்டுவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் சாதாரண வலி மாத்திரை வயிற்றில் கரைந்து வேலையைத் தொடங்குவதற்குள் வலி உச்சிக்கு ஏறிவிடுகிறது. வேலை செய்யாத மாத்திரையை நாளுக்கு நாலாகக் கூட்டினால் கெடுவது வயிறும் சிறுநீரகமும்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த நோய்க்கு எந்த வைத்தியம் செய்தாலும் பலித்ததுபோலவே தெரியும். ஒரு மணி நேரத்தில் தானே அடங்கப்போகிற வலிக்கு ஐம்பதாவது நிமிடத்தில் பற்றுப் போட்டால் புகழ் சுக்குக்குப் போகிறது. எட்டாவது வாரத்தில் தானே ஓயப்போகிற நோய்க்கு ஏழாவது வாரம் மந்திரித்த கயிறு கட்டினால் கயிறு தெய்வமாகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான நோய் இல்லை. அடுத்த வருடம் வலி திரும்பி வரும்போது, கயிறு பழசாகிவிட்டது என்று வேறு கயிறு தேடுவார்கள். மூளை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டம் தடுக்கிறது. நள்ளிரவுத் தொலைக்காட்சியைப் பார்ப்பவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

மேலை நாட்டு நோயாளிகளும் இதே பாட்டைப் படுகிறவர்கள்தான். மிளகாய்க் காரத்தின் சாரமான காப்சைசினை மூக்கில் தடவிப் பார்த்த சிறிய ஆய்வுகள் சிலருக்கு வலி குறைந்ததாகச் சொல்கின்றன. தும்பைச் சாற்றுப் பெரியவர் இதைக் கேட்டால் மீசையை முறுக்கிக்கொள்வார். (அதற்காகச் சமையலறை மிளகாய்த்தூளை யாரும் மூக்கருகே கொண்டுபோக வேண்டாம்.) தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனினை இத்தாலியில் 1996-இல் சோதித்தபோது, அதை உட்கொண்ட பத்துப் பேரில் ஐந்து பேருக்குக் குணம் தெரிந்தது. பத்துப் பேரை வைத்து ஊருக்கே மருந்து சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் மிஞ்சியது போதைக் காளான். அதைத் தின்றால் வலி நிற்கிறது என்று அமெரிக்க நோயாளிகள் பலர் சொல்லவே, ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 53 பேரைப் பேட்டி கண்டு 2006-இல் எழுதினார்கள். காளானின் சைலோசிபினை வலியின்போது எடுத்துக்கொண்ட 26 பேரில் 22 பேர் வலி நின்றதாகச் சொன்னார்கள். கேட்டு எழுதிய கணக்குதான் இது, ஒப்பிட்டுச் சோதித்ததல்ல. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடியதும் அல்ல. அதன் பிறகு முறையான சோதனைகள் தொடங்கியிருக்கின்றன. கொடைக்கானலில் திருட்டுத்தனமாக விற்கப்படுவதாக அடிக்கடி செய்தியாகும் காளான் இந்த வகைதான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி சைலோசிபின் தடைசெய்யப்பட்ட பொருள். சட்டத்தை விடுங்கள், காட்டுக் காளானில் ஆளைக் கொல்லும் இனங்களும் உண்டு. வலிக்குப் பயந்து அந்தச் சூதாட்டத்தில் இறங்கக் கூடாது.

இத்தனை தேடலுக்கும் நடுவே, மாத்திரையும் ஊசியும் அல்லாத மருந்து ஒன்று ஐயமற நிரூபிக்கப்பட்டு இருக்கிறது: ஆக்சிஜன். லண்டனில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் முகமூடி வழியே தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபோது 78 விழுக்காடு வலிகள் கால் மணி நேரத்தில் நீங்கின அல்லது போதுமான அளவு தணிந்தன. அதே முகமூடியில் வெறும் காற்றைக் கொடுத்தபோதும் 20 விழுக்காடு தணிந்தன. கயிற்றுக்கும் பற்றுக்கும் சேரும் புகழில் பாதி இந்த இருபதுக்குள்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

காரைக்காலுக்கு இதில் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் இது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸில் வாழும் சொந்தங்கள் இங்கே பல குடும்பங்களுக்கு உண்டு. அங்கே கொத்துத் தலைவலி என்று உறுதியானால், மருத்துவர் சீட்டின்பேரில் ஆக்சிஜன் உருளை வீட்டுக்கே வந்துவிடும். செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது. பணக்கார நாடெல்லாம் இப்படி என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு 2021 வரை இந்த நோய்க்கு வீட்டு ஆக்சிஜனை ஏற்க மறுத்தது. அண்ணனுக்குப் பாரிஸில் கிடைப்பது தம்பிக்குப் பட்டினத்தில் ஏன் கிடைக்கக் கூடாது?

காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு ஆக்சிஜன் என்ற சொல்லைக் கேட்டு மிரளும் ஊர் எதுவும் இல்லை. இங்கே வேண்டியது புதுக் கட்டடம் அல்ல. கொத்துத் தலைவலி என்று உறுதியான நோயாளியின் கையில் ஒரு சீட்டு, அந்தச் சீட்டைக் காட்டினால் எந்த நேரமும் அவசர சிகிச்சைப் பிரிவில் கால் மணி நேர ஆக்சிஜன், அடிக்கடி வலி வருபவருக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் உருளை. 'பி' வகைச் சிறு உருளையில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஒரு வலிக்கு 180 லிட்டர் போதுமென்றால் எட்டு வலிக்கு ஓர் உருளை. இதைப் புதுவை சுகாதாரத் துறையால் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்புவது கடினம்.

வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய செறிவூட்டி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அவற்றில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான் தரும், அதுவும் முழுத் தூய்மையில் அல்ல. இந்த வலிக்கு அது போதாது. பட்டறை உருளை பக்கமே போகக் கூடாது. இன்னொன்று, கொத்துத் தலைவலிக்காரர்களில் புகைப்பவர்கள் அதிகம். ஆக்சிஜன் இருக்கும் அறையில் பீடி பற்றவைத்தால் தலைவலியைப் பற்றிக் கவலைப்பட ஆளே மிஞ்சமாட்டார்.

காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு, ஆனால் இந்த ஊரில் அதுதான் கடினம். வலிக் காலத்தில் மது உள்ளே போனால் பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி எழும்பிவிடும். வலி ஓய்ந்த மாதங்களில் அதே மது ஒன்றும் செய்யாததால், குடிப்பவருக்குச் சந்தேகமே வருவதில்லை. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர் எல்லையிலேயே கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன, விலையும் தமிழ்நாட்டைவிட மலிவு. அந்த வாரங்களிலாவது கடைப்பக்கம் போகாதிருந்தால் எந்தத் தைலத்தையும்விடப் பலன் தெரியும்.

தைலம் தேய்ப்பவர் தேய்க்கட்டும், தர்காவுக்குப் போகிறவர் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் முதல்முறை இப்படி வலி வந்தவர் ஒருதரம் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டி இதே வேடத்தில் வருவதுண்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த வலி, கைகால் பலவீனம், பார்வை மங்கல் என்றால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. வலி வராமல் தடுக்கத் தரப்படும் வெராபமில் மாத்திரையும் ஈசிஜி பார்த்து அளவு கூட்ட வேண்டியது, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்குகிற சரக்கல்ல. மருத்துவரிடம் போகும்போது வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், படுக்க முடிந்ததா நடந்தீர்களா என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோனால், சைனஸ் மருந்தோடு திரும்பிவரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.