எச்சரிக்கையை மறைப்பது திருத்தம் ஆகாது

நிரலாக்கம் படிக்கும் மாணவர்கள் பலர், கம்பைலர் காட்டும் எச்சரிக்கைகளைப் பொருட்படுத்துவதில்லை. "நிரல்தான் ஓடுகிறதே, பிறகு என்ன?" என்பதே பலரின் கேள்வி. நானும் நிரலாக்கம் படிப்பவன்தான். இந்தப் போக்கு மாறவேண்டும் என்று கருதுகிறேன்.

கணினியை இணையத்தோடு இணைக்கும் கருவிகளை இயக்குவது டிரைவர் எனும் நிரல். லினக்ஸில் இவை பெரும்பாலும் 'சி' மொழியில் எழுதப்பட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இயங்குகின்றன. சாதாரணச் செயலியில் பிழை இருந்தால் பொதுவாக அந்தச் செயலி மட்டும் நின்றுபோகும். டிரைவரில் பிழை இருந்தால் கணினியே முடங்கலாம்.

யுஎஸ்பி வழி இணையும் ஈதர்நெட் கருவியை எடுத்துக்கொள்வோம். இணைப்பு உள்ளதா என்பதைக் கருவியிடமிருந்து படித்து, டிரைவர் ஒரு மாறியில் வைக்கிறது. படிக்கும் நேரத்தில் கருவியைக் கழற்றிவிட்டால் மாறிக்கு மதிப்பே கிடைக்காது. "மதிப்பு தரப்படாத மாறி" என்று கம்பைலர் எச்சரிக்கிறது.

மாறிக்கு முதலிலேயே சுழியம் கொடுத்தால் எச்சரிக்கை மறைந்துவிடும். ஆனால், படிக்க முடியாமல் போன செய்தியும் அதோடு மறைந்துவிடும். படித்தது தோல்வியா என்று சோதித்து, தோல்வி என்றால் அதை அழைத்த நிரலுக்குத் தெரிவிப்பதே சரியான திருத்தம்.

இத்தகைய எச்சரிக்கையை அடக்குவதற்கென்றே லினக்ஸ் கெர்னலில் ஒரு மேக்ரோ இருந்தது. உண்மையான பிழைகளையும் அது மறைக்கிறது என்பதால் 2020ல் அதை நீக்கினார்கள். எச்சரிக்கைகளைப் பிழையாகவே கருதி, நிரல் உருவாவதைத் தடுக்கும் அமைப்பு 2021ல் சேர்க்கப்பட்டது.

எல்லா எச்சரிக்கையும் உண்மையான பிழையைக் காட்டுவதில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எது வெற்று எச்சரிக்கை என்று சொல்ல, அந்த வரிகளைப் படித்துப் புரிந்திருக்க வேண்டுமே! அந்தப் புரிதல்தான் கல்வி.

ஆகவே, நிரல் ஓடினாலே முழு மதிப்பெண் என்ற முறையை விரிவுரையாளர்கள் மறுபரிசீலனை செய்யவேண்டும். எச்சரிக்கை ஏன் வந்தது, எப்படித் தீர்த்தோம் என்று இரண்டு வரி எழுதும் மாணவருக்கும் மதிப்பெண் கொடுக்கலாம். புதிய செயலி உருவாக்குவது பெருமைதான். பிறர் எழுதிய நிரலைப் பொறுமையாகப் படித்து ஓர் எச்சரிக்கையைச் சரியாகத் தீர்ப்பதும் அதற்குக் குறைந்ததல்ல. நண்பர்களே, அடுத்த ஒப்படைப்பைச் சமர்ப்பிக்கும் முன் கம்பைலர் சொல்வதைக் கடைசி வரிவரை படியுங்கள்.