பழி மட்டும் பாட்டிலுக்கு

ஸ்பெயினின் மயோர்கா தீவில் மகலூஃப் என்றொரு கடற்கரை ஊர். கோடை வந்தால் பிரிட்டிஷ் இளைஞர்கள் விமானம் விமானமாக வந்து இறங்குவார்கள். புன்டா பயேனா என்ற தெருவில் மதுக்கூடங்கள் வரிசைகட்டி நிற்கும். காசு கொடுத்தால் போதும், கூட்டம் சேர்த்துக் கடை கடையாக அழைத்துப்போய்க் குடிக்கவைக்க ஆள் இருந்த காலம் உண்டு. 2014-இல் அந்த ஊர் மதுக்கூடம் ஒன்றில், மதுவைப் பரிசாகக் காட்டி ஓர் இளம்பெண்ணைப் பல ஆண்களோடு பாலியல் செயலில் ஈடுபடவைத்த காணொளி வெளியானது. இணையத்தில் ஏச்சு வாங்கியது பெரும்பாலும் அந்தப் பெண்தான்.

மதுவும், முன்பின் தெரியாதவரோடு ஓர் இரவு உறவும் கைகோத்து வருவது ஏன்? போதை ஆசையைத் தூண்டிவிடுகிறது என்பார்கள். டெரன்ஸ் வில்சன், டேவிட் லாசன் என்ற உளவியலாளர்கள் 1976-இல் இதைச் சோதித்தார்கள். ஆண்களில் சிலருக்கு வோட்கா கலந்த டானிக், சிலருக்கு வெறும் டானிக். சூட்சுமம், அவர்களிடம் சொன்னதில் இருந்தது: வெறும் டானிக் குடித்த சிலரிடம் ‘இதில் வோட்கா இருக்கிறது’ என்றார்கள், வோட்கா குடித்த சிலரிடம் ‘மதுவே இல்லை’ என்றார்கள். ஆபாசப் படம் பார்த்தபோது கூடுதல் கிளர்ச்சி தெரிந்தது, குடித்திருப்பதாக நம்பியவர்களிடம். உண்மையில் குடித்தார்களா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

வயிற்றுக்குள் போனது டானிக் தண்ணீர். துணிச்சல் வந்தது நம்பிக்கையிலிருந்து.

அதாவது, மது அங்கே பெரிதும் ஒரு சாக்கு. கூச்சத்தைத் தள்ளிவைக்க ஒரு சாக்கு, மறுநாள் ‘ஞாபகமில்லை’ என்று நழுவ இன்னொரு சாக்கு. வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்வது அவர்கள் பாடு. அதற்கு ஊர்ப் பஞ்சாயத்து தேவையில்லை. ஆனால் இந்தச் சாக்கு இருவருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. 1982-இல் டெபோரா ரிச்சர்ட்சனும் ஜெனிஃபர் கேம்பலும் மாணவர்களிடம் ஒரு வன்புணர்வுச் சம்பவத்தைப் படிக்கக் கொடுத்து, பழி யாருக்கு என்று கேட்டார்கள். ஆண் குடித்திருந்தால் அவன்மீது பழி குறைந்தது. பெண் குடித்திருந்தால் அவள்மீது கூடியது. ஒரே பாட்டில், அவனுக்கு வக்கீல், அவளுக்கு எதிர்சாட்சி!

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. குடித்திருந்தாலும் சம்மதிக்க முடியும். முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் அது சம்மதமல்ல. அந்தத் திறன் மயங்கி விழுவதற்கு வெகு முன்பே போய்விடலாம் என்றது, 2007-இல் ‘பிரீ’ வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம். போதையால் நடப்பதும் அதன் விளைவும் புரியாத நிலையில் ஒரு பெண் தரும் சம்மதம் செல்லாது என்கிறது நம் நாட்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு. சரி, அதிகாலை இரண்டு மணிக்கு இந்த எல்லைக்கோட்டை யார் பார்ப்பது? மதுக்கூடத்தில் நிதானத்தில் இருக்கவேண்டியவர்கள் ஊற்றிக்கொடுப்பவர்கள்தான். ஆகவே பொறுப்பில் பெரும்பங்கு அவர்கள் தலையில் ஏறவேண்டும்.

மயோர்கா அடங்கிய பலேரிக் தீவுகளின் அரசு 2020-இல் அந்தப் பக்கம்தான் திரும்பியது. மகலூஃப் உள்ளிட்ட சில பகுதிகளில் சலுகை விலை மது நேரத்தையும், கடை கடையாகக் கூட்டிப்போகும் குடிச்சுற்றையும் தடைசெய்தது. அங்குள்ள எல்லாம் அடங்கிய கட்டண ஓட்டல்களில் நாளொன்றுக்கு மதிய உணவோடு மூன்று, இரவு உணவோடு மூன்று கோப்பைகள்தான் என்று வரம்பு வைத்தது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் 2016-இல் இன்னும் எளிய வழி ஒன்றைத் தொடங்கியது. கூட வந்தவரிடம் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றினால் மதுக்கூட ஊழியரிடம் போய் ‘ஆஞ்சலா இருக்கிறாரா?’ என்று கேட்கலாம். சத்தமில்லாமல் டாக்ஸி வரவழைப்பார்கள், பின்வாசல் வழியே அனுப்பிவைப்பார்கள். திட்டம் நாடு முழுக்கப் பரவியது. பின்னாளில் பிபிசி செய்தியாளர்கள் லண்டனில் 25 இடங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 13 இடங்களில் ஆஞ்சலாவைக் கேட்டும் உதவி கிடைக்கவில்லை.